ஹான்டார்ஃப் அம்மாவுக்குச் செஞ்சி காட்டிய சனிக்கிழமை

காலை 5.15. மீனம்பாக்கம் விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டல் வாசலில் ஊர்சுலா அம்மாள் ஒரு கைப்பையும் தகர டப்பாவுமாக நின்றுகொண்டிருந்தார். ஐந்து மணிக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தவன் நான். இந்தியர்கள் நேரத்துக்கு வரமாட்டார்கள் என்று அவருடைய ஊரில் யாராவது சொல்லி அனுப்பியிருந்தால், அவர்கள் மானத்தை நான் காப்பாற்றிவிட்டேன்.

இவர் யார், இவரை நான் எதற்குச் செஞ்சிக்கு அழைத்துப் போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா மல்லிகாவின் ஒரே மகள் கனிமொழி, ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அங்கே மார்ட்டின் என்ற பையனை அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. அவனுடைய அம்மாதான் ஊர்சுலா. வயது அறுபத்து மூன்று, கணவர் இல்லை, ஸ்ட்ராபெர்ரித் தோட்டம் வைத்திருக்கிறார். செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரத்தில் மல்லாட்டை போடும் என் அக்கா வீட்டுக்காரர் தனபால் மாமா, விஷயம் காதில் விழுந்ததும் கத்தவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. "பையன் வரவேணாம். பெத்தவங்க மொதல்ல வரட்டும், பாக்கலாம்" என்றார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலைதான். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை என்று சொன்னால் கடைக்காரன்கூட ஏற இறங்கப் பார்ப்பான். பெற்றவர் தோட்டத்தை ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கடல் தாண்டி வந்துவிட்டார். வங்கி வேலையில் ஓய்வு பெற்று, தாம்பரத்தில் சும்மா இருக்கும், இங்கிலீஷும் பேசும் தாய்மாமன் என்ற முறையில் அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முந்தின நாள் மாமா போன் செய்து ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார்.

"மச்சான், இதப் பாரு. கோட்டையெல்லாம் காட்டு, சாப்பாட்ட வெளியிலயே முடிச்சிட்டு இட்டுக்கினு வா. எங்க ஊட்ல காப்பி குடிக்கட்டும், பலகாரம் துன்னட்டும். சோறு மட்டும் வேணாம். பேசி முடியாம கை நனைச்சிட்டா அப்பறம் இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

இது மாமா கண்டுபிடித்த சட்டம் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் சம்பந்தம் முடிவாகாமல் அந்த வீட்டில் சோறு சாப்பிடுவதில்லை. சாப்பிட்டுவிட்டால் இரண்டு பக்கமும் சம்மதம் என்று ஆகிவிடும். அதனால்தான் என் வீட்டில் தங்காமல் அந்த அம்மாள் ஓட்டலில் தங்கினார். தாய்மாமன் வீட்டுச் சோறும் அதே கணக்கில்தான் வரும்.

காரும் டிரைவர் ஏழுமலையும் செஞ்சி. போகவர நாலாயிரத்து எண்ணூறு ரூபாய், சுங்கம் தனி.

காலை 7.20. திண்டிவனத்தில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினோம். இங்கிருந்து செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர் என்று சொன்னதும் அம்மாள் சிரித்தார். அடிலெய்டிலிருந்து அவருடைய ஊருக்கும் அதே தூரமாம். ஊரின் பெயர் ஹான்டார்ஃப். டார்ஃப் என்றால் ஜெர்மன் மொழியில் கிராமம். முன்னால் இருப்பது அந்த ஊரை உண்டாக்கியவர்களை ஏற்றி வந்த கப்பல் கேப்டனின் பெயர். கொண்டுவந்து இறக்கிவிட்டதோடு தன் வேலை முடிந்தது என்று அவர் போகவில்லை. கூடவே அலைந்து நிலம் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். நம் ஊரில் சாமிக்கும் ராஜாவுக்கும் மட்டும் வைக்கும் மரியாதையை அவர்கள் ஒரு கப்பல்காரருக்கு வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் பிரஷ்ய நாட்டு விவசாயக் குடும்பங்கள். கோவிலில் இந்த முறையில்தான் கும்பிட வேண்டும் என்று அந்த நாட்டு ராஜா உத்தரவு போட, முடியாது என்றவர்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு 1838இல் கப்பல் ஏறினார்கள். அடுத்த வருஷம் மலைமேல் ஊர் உண்டாயிற்று. பெண்கள் வெண்ணெயையும் முட்டையையும் காய்கறியையும் கூடையில் கட்டித் தூக்கிக்கொண்டு, இருட்டோடு கிளம்பி, அடிலெய்டு சந்தைக்கு நடந்தே போய் விற்றுவிட்டு வருவார்களாம். இதைச் சொல்லும்போது ரோட்டோரத்தில் பூக்கூடையோடு மூன்று பெண்கள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ஊர்சுலா அம்மாள் கழுத்தைத் திருப்பி அவர்கள் மறையும் வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

"யாரும் இல்லாத காட்டைத் திருத்தி ஊர் கட்டினார்கள் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அது பொய். பெரமங்க் என்ற மக்கள் அங்கே இருந்தார்கள். அந்தக் காட்டில் எதைச் சாப்பிடலாம் என்று இவர்களுக்குக் காட்டியதே அவர்கள்தான்" என்றார். பெருமை பேச வந்த இடத்தில் இதை யாரும் கேட்காமலே சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அங்கேதான்.

முதல் உலகப் போரில் ஜெர்மன் பெயர் என்பதற்காகவே ஊரின் பெயரை அரசாங்கம் மாற்றிவிட்டதாம். திரும்பக் கிடைக்கப் பதினெட்டு வருஷம் ஆனது. இப்போது அதே ஜெர்மன் பெயரைக் காட்டித்தான் சுற்றுலாக்காரர்களை இழுக்கிறார்கள். மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள், இருபுறமும் மரங்கள் கவிந்த ஒரே ஒரு பெரிய தெரு, பேக்கரி, பழைய மாவு மில், நாமே பறித்துத் தின்ன ஸ்ட்ராபெர்ரித் தோட்டம். ஜெர்மன் மட்டும் பேச ஆள் இல்லை. "என் மாமியார் திட்டுவதற்கு மட்டும் ஜெர்மனில் பேசுவார். எனக்கு வசவு மட்டும்தான் தெரியும்" என்றார்.

காலை 8.05. செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிரே ஓட்டலில் பொங்கல், வடை, காபி. மூன்று பேருக்கும் சேர்த்து இருநூற்று நாற்பது ரூபாய். அங்கே கை நனைக்கும் விஷயத்தை அம்மாளிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். மதியம் வீட்டில் சாப்பாடு கிடைக்காது, தப்பாக நினைக்க வேண்டாம் என்றேன். அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"எங்கள் ஊரில் இது தலைகீழ். சாப்பிடாமல் முக்கியமான பேச்சை எடுக்கவே மாட்டோம். பசியில் பேசினால் யாரும் சரி என்று சொல்லமாட்டார்கள்."

அதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. ஆனால் தனபால் மாமாவிடம் போய் நியாயம் பேசுவது என் வேலை இல்லை.

காலை 9.00. கோட்டை பஸ் நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர், திருவண்ணாமலை ரோட்டில். எனக்கு இருபத்தைந்து ரூபாய் டிக்கெட், அம்மாளுக்கு முந்நூறு. "நீங்கள் பன்னிரண்டு தடவை பார்க்கலாம்" என்றார் அவர்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள், மூன்றையும் சேர்த்துக் கட்டிய மதில். எங்கு பார்த்தாலும் யாரோ குவித்து வைத்துவிட்டு மறந்துபோனதைப் போல உருண்டைப் பாறைகள். கோனார்கள் தொடங்கியது என்பார்கள். பிறகு நாயக்கர்கள் வந்தார்கள்; கல்யாண மஹாலும் நெற்களஞ்சியமும் அவர்கள் காலத்தில் கட்டியவை. பீஜப்பூர்க்காரர்கள் பிடித்தார்கள், அவர்களிடமிருந்து மராட்டியர்கள், பல வருஷ முற்றுகைக்குப் பிறகு முகலாயர்கள், அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள், கடைசியில் ஆங்கிலேயர்கள். நடுவில் நவாபை எதிர்த்துச் செத்து, குதிரையோடு ஊர் நினைவில் நிற்கும் இளவயது ராஜா கொஞ்ச காலம்தான் ஆண்டார். நாட்டுப்பாட்டில் இன்னும் ஆண்டுகொண்டிருக்கிறார். உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து கூட்டம் கூடியிருக்கிறது. குரங்குகளும் கூடியிருக்கின்றன.

ராஜகிரி எண்ணூறு அடி. கமலக்கண்ணி அம்மன் கோவில் வரைக்கும் நான் ஏறினேன். அதற்குமேல் என் முழங்கால் சம்மதிக்கவில்லை. மலைநாட்டில் தோட்ட வேலை செய்தவர் அல்லவா, ஊர்சுலா அம்மாள் ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு நிற்காமல் ஏறிப் போய்விட்டார். மூச்சு வாங்கியபடி முதலில் இறங்கி வந்தவர் ஏழுமலைதான்.

"சார், அந்தம்மா மேல பாலத்தாண்ட நின்னுக்கினு ஒரு கேள்வி கேட்டாங்க. எனக்குப் புரியல, நீங்களே கேளுங்க."

மலை உச்சிக்குப் போகும் வழியில் பாறை பிளந்த ஒரு பள்ளம். அதன்மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பவனை யாரும் நெருங்க முடியாது. அம்மாள் இறங்கி வந்ததும் விசாரித்தேன். அங்கே நின்றுதான் அவர் கேட்டிருக்கிறார்: இத்தனை பேர் வெளியிலிருந்து வந்து பிடித்தார்களே, அவர்களில் யாராவது இங்கேயே தங்கினார்களா?

மொழிபெயர்த்துச் சொன்னேன். ஏழுமலை துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"கோட்டையப் புடிச்சவன் எல்லாம் போய்ட்டான் சார். அவன்கூட சமைக்க, குதிரைக்குக் கொள்ளு வைக்க வந்தவன்தான் இங்கயே தங்கிட்டான். மராட்டி பேசற ஊடு இருக்குது, உருது பேசற ஊடு இருக்குது. எங்க ஊட்லயே தெலுங்குதான்."

வேங்கடரமணர் கோவில், எளிமையாக நின்று மனத்தைப் பிடிக்கும் ஒரு மசூதி, யானைக்குளம் எல்லாம் பார்த்து முடித்தபோது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. அப்போது மாமாவின் போன்.

"ஒன்றரைக்கு எமகண்டம் வந்துடும். அதுக்குள்ள பேசி முடிக்கணும். கெளம்பிட்டியா?"

மதியச் சாப்பாட்டுக்கு நேரம் இல்லாமல் போயிற்று. வழியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். அம்மாள் ஒன்றைத் தின்றார். மலை ஏறி இறங்கிய உடம்புக்கு அது எந்த மூலைக்கு?

மதியம் 12.45. சிங்கவரம் செஞ்சிக்கு வடக்கே நாலு கிலோமீட்டர். மாமா வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அக்கா சமையலறை நிலைப்படியை விட்டு நகரவில்லை. அம்மாள் தகர டப்பாவை நீட்டினார். தன் கையால் செய்த தேன் கேக். மாமா இரண்டு கையாலும் வாங்கி, திறக்காமல் டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். காபி வந்தது, கேசரி வந்தது, மிக்சர் வந்தது. உள்ளேயிருந்து மொச்சைக் குழம்பு வாசனையும் வந்தது. கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் ஆட்களுக்கு அக்கா சமைத்துக்கொண்டிருந்தாள். ஊர்சுலா அம்மாள் மூக்கை லேசாக உறிஞ்சிவிட்டு மிக்சரை எடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

மாமா ஊரைப் பற்றிக் கேட்டார். கப்பல் கதையை அம்மாள் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தக் கப்பல்ல வந்தவங்க, அவங்க சொந்த ஊருக்குத் திரும்பப் போனாங்களா?"

அம்மாள் இல்லை என்று தலையை ஆட்டினார். "இல்லை. என் கணவர் வீட்டில் ஒருவர்கூடப் போகவில்லை. கொஞ்ச காலம் கடிதம் வந்துகொண்டிருந்ததாம். பிறகு அதுவும் நின்றுவிட்டது."

மொழிபெயர்ப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. கொஞ்சம் கூட்டலாம், கொஞ்சம் குறைக்கலாம். ஒன்றிரண்டு பேர் போனார்கள் மாமா என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அந்த அம்மாள் தலையை ஆட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளதை உள்ளபடியே சொன்னேன்.

மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "சரி மச்சான். கலந்து பேசிட்டு சொல்லி அனுப்பறோம்."

தமிழ்நாட்டில் கல்யாணப் பேச்சு நடத்திய எவருக்கும் இந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியும். நிலைப்படியில் அக்காவின் முகம் வாடியது. அடிலெய்டில் ஒரு பெண் கையில் போனை வைத்துக்கொண்டு காத்திருப்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மதியம் 1.15. வீட்டுக்குப் பின்னால் மாமாவின் கொல்லை, ஒன்றரை ஏக்கர். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். காரில் ஏற வந்த ஊர்சுலா அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் போய்ப் பார்க்கலாமா என்றார். பேச்சு முறிந்த வீட்டில் அதிக நேரம் நிற்பது முறையில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அவர் வரப்போரம் ஷூவைக் கழற்றினார். ஆட்களை மேய்க்கும் அஞ்சலை, "இன்னாம்மா, வேல செய்யறியா? வா, வந்து குந்து" என்று கூப்பிட்டாள். மொழி தெரியாமலே இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. அம்மாள் முதல் செடியை வெடுக்கென்று இழுக்க, காயெல்லாம் மண்ணுக்குள் நின்றுவிட்டது. கையில் தழை மட்டும் வந்தது. பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த செடிக்கு உடனே போகவில்லை. உட்கார்ந்து, விரலால் மண்ணைக் கிளறி, அறுந்து நின்ற காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்ட பிறகுதான் நகர்ந்தார். மாமா வரப்பில் நின்று அதைப் பார்த்தார். அப்புறம் சட்டையைக் கழற்றி வேலி மேல் போட்டுவிட்டு அவரும் கொல்லைக்குள் இறங்கினார். அரைமணி நேரம் போல வேலை நடந்தது. பிடுங்குகிற சத்தமும், மண்ணை உதறுகிற சத்தமும்தான்.

"மச்சான், அவங்க ஊர்ல வேல இல்லாத மாசம் எதுன்னு கேளு" என்றார் மாமா, நிமிராமல்.

கேட்டேன். அம்மாள் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். "ஜூன், ஜூலை. எங்களுக்கு அப்போது குளிர். செடி தூங்கும். கனிமொழியும் மார்ட்டினும் வருஷா வருஷம் அப்போது இங்கே வரலாம். நானும் வருவேன். கப்பலில் வந்தவர்களுக்குத் திரும்பப் போகக் காசும் இல்லை, கூப்பிட ஆளும் இல்லை. இவளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்."

சொன்னேன். இதில் எதையும் கூட்டவோ குறைக்கவோ தேவை இருக்கவில்லை.

"ஜூன், ஜூலைன்னா ஆனி, ஆடி" என்று மாமா தனக்குள் சொல்லிக்கொண்டார். "ஆடில நாம மானாவாரி வெதைப்போம். ஆளே கெடைக்காது."

மதியம் 2.05. அக்கா சோற்று அன்னக்கூடையும் குழம்புத் தூக்குமாக வந்தாள். பெண்கள் வேப்பமரத்தடிக்குப் போய்த் தட்டை எடுத்தார்கள். ஊர்சுலா அம்மாள் மட்டும் கையைத் தட்டிக்கொண்டு ஷூவைத் தேடினார்.

"யக்கா, இந்தம்மாவுக்கும் போடு" என்றாள் அஞ்சலை.

அக்கா கரண்டியோடு அப்படியே நின்றாள். பேசி முடிக்காத சம்பந்தத்துக்குச் சோறு போடக் கூடாது. கொல்லையில் வேலை செய்தவரைச் சோறு போடாமல் அனுப்பவும் கூடாது. அதைச் செய்தவன் நிலத்துக்கு அடுத்த வருஷம் ஆள் வராது, அவனுக்கும் தூக்கம் வராது. இரண்டுமே அந்த வீட்டில் யாரும் மீறாதவை. இரண்டும் ஒரே மரத்தடியில் வந்து நின்றன.

"இன்னாக்கா பாக்கற? எங்ககூட வேல செஞ்சிக்கிது. நாங்க துன்னும்போது அது பாத்துக்கினு நிக்கணுமா?" என்று அஞ்சலை கேட்டாள்.

அக்கா மாமாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்போது எமகண்டம் நடந்துகொண்டிருந்தது. அதை நான் ஞாபகப்படுத்தவில்லை. மாமா குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு எடுத்துக்கொண்டு ஊர்சுலா அம்மாளிடம் வந்தார்.

"கைய நீட்டச் சொல்லு மச்சான்."

அம்மாள் என்னைப் பார்த்தார். காலையில் ஓட்டலில் நான் சொன்னதை அவர் மறக்கவில்லை. "இங்கே சாப்பிடலாமா? இது வயல்தானே, வீட்டுக் கணக்கில் வராதே?" என்று கேட்டார். மாமாவைச் சிக்கலில் மாட்டிவிடாமல் ஒரு வழி விட்டுத்தான் கேட்டார்.

அதை மாமாவிடம் சொன்னேன். அவர் சொம்பைச் சாய்த்தார். மண் அப்பிய அந்த இரண்டு கையிலும் தண்ணீர் விழுந்தது.

"கொல்ல வேற, ஊடு வேறயா? எல்லாம் ஒண்ணுதான். சாப்டச் சொல்லு."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அறுத்து வந்த இலையை விரித்துப் பரிமாறினாள். சோறு, மொச்சைக் குழம்பு, முருங்கைக்கீரை. அம்மாள் சம்மணம் போட வராமல் காலை நீட்டி உட்கார்ந்து, விரல்களுக்குள் நிற்காத சோற்றைக் குனிந்து குனிந்து சாப்பிட்டார். மாமாவும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். என் அக்கா வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். அன்று மாதிரி ருசித்ததில்லை.

மாலை 4.15. அக்கா அம்மாளைச் சிங்கவரம் மலைக்கோவிலுக்கு அழைத்துப் போனாள். பல்லவர் காலத்துக் குடைவரை. ஒரே பாறையில் வெட்டிய ரங்கநாதர் நீட்டிப் படுத்திருக்கிறார், தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. போருக்குப் போக உத்தரவு கேட்டு வந்த அந்த இளவயது ராஜாவுக்குப் 'போகாதே' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று கதை. பட்டர் அதைச் சொல்லி முடித்ததும், "ராஜா கேட்டாரா?" என்றார் அம்மாள். கேட்கவில்லை என்றேன்.

மாலை 5.20. புறப்பட்டோம். வைகாசியில் நாள் பார்ப்பதாக மாமா சொன்னார். கல்யாணம் செஞ்சியில்தான் என்றும் சொன்னார். டிக்கியில் ஒரு மூட்டை பச்சை மல்லாட்டை ஏறியது. விமானத்தில் விடமாட்டார்கள் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஊர்சுலா அம்மாள் பின்சீட்டில் உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டார். நகக்கண்ணில் செம்மண் அப்படியே இருந்தது. கோவிலில் சத்தத்தை அடக்கி வைத்த போனை எடுத்துப் பார்த்தேன். கனிமொழி விடாமல் அழைத்திருந்தாள். 'நீயே சொல்லுடா, நான் சொன்னா அழுதுடுவேன்' என்று அக்கா கிளம்பும்போதே சொல்லிவிட்டாள். கனிமொழியைத் திருப்பி அழைத்தேன்.

"மாமா, நைனா இன்னா சொன்னாரு?" குரல் ஏற்கனவே உடைந்திருந்தது.

"பெருசா ஒண்ணும் சொல்லலம்மா. அவங்களுக்குச் சோறு போட்டாரு."

கனிமொழி பாய்ந்து கேட்டாள்.

"சோறா மாமா? பலகாரம் இல்லியே?"

"சோறுதான். உங்க நைனாவே கைக்குத் தண்ணி ஊத்தினாரு. ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கி சாப்பிட்டாங்க."

கனிமொழி அழ ஆரம்பித்தாள். கார் திண்டிவனம் வந்து சேரும் வரை அவளும் நிறுத்தவில்லை, நானும் போனை வைக்கவில்லை.